போதும் என்று சொன்ன எங்கள் அப்பா

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அமுதுச் சடங்குக்கு ஏன் நினைவு மலர் வெளியிடவில்லை என்று உறவினர்கள் பலர் கேட்டீர்கள். எழுதவேண்டியவள் நான்தான். அன்றைக்கு என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இதைத் தருகிறோம். பிந்தியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படியான மலர்களில் காலமானவரின் பெருமைகளை எழுதுவது வழக்கம். அப்பாவிடம் பெருமைகள் இருந்தன. அவற்றை எழுதுகிறேன். ஆனால் அவரது கடைசி மூன்றரை வருடங்களில் எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். செத்த வீட்டுக்கு வந்த ஒரு அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏன் புள்ள, அப்பாவுக்கு வைத்தியத்த நிப்பாட்டின நீங்க?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடந்தது என்ன என்பதை உங்களுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அப்பா பிறந்தது பெரியகல்லாற்றில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அவரது தந்தையார் வாவியில் மீன்பிடித்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். அப்பா மூன்றாவது. அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கையில் தந்தையார் காய்ச்சலில் காலமானார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அண்ணன்மாரோடு தோணியில் போனார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரையும் போனது, தோணியும் போனது. அந்த வருடம் வேலை தேடிப் புறப்பட்ட ஆட்களோடு அப்பாவும் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்கு வந்து, எங்கள் ஊரில் வெள்ளாமை வெட்டச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் கதிர் அறுக்கும் தாக்கத்தி பிடித்தவரில்லை. முதல் நாளே சுட்டுவிரலை வெட்டிக்கொண்டார். காயத்துக்குக் கட்டத் துணி கிழித்துக் கொடுத்தவர்தான் எங்கள் அம்மா.

எங்கள் பகுதி வழக்கப்படி அப்பா பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். ஊரில் அவரைக் கல்லாத்து மாப்பிள்ளை என்றார்கள். மீன் தின்று வளர்ந்த ஆளுக்கு வயல் எங்கே சரிவரும் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலை அப்பா இரண்டு வருடம் சரியாகச் செய்யத் தெரியாமல் செய்தார். மூன்றாம் வருடம் ஊரில் எவருக்கும் குறையாமல் விளைந்தது. அதற்கு என்ன செய்தீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தெரிஞ்சாக்கள்ட்டக் கேட்டன்" என்றார். கேட்பதற்கு அவர் வெட்கப்படுவதில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு எல்லோரும் ஓடவேண்டி வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. தம்பி கைக்குழந்தை. வாவிக் கரையில் சனம் நின்றது, தோணிகள் போதவில்லை. துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவர்களும் சிலர்தான். அப்பா ஒரு தோணியை எடுத்து, வயதானவர்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் ஏற்றிப் போனார். எங்களைக் கடைசியாகத்தான் ஏற்றினார். அம்மா தான் சாகும்வரை இதை மன்னிக்கவில்லை. "தன்ட புள்ளைகள கடைசியாத்தான் ஏத்தின மனுசன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய பிறகு அப்பாவை வட்டை விதானையாகத் தெரிவுசெய்தார்கள். எங்கள் குளத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும் வயல்வெளி முழுவதும் ஒரு வட்டை. எந்த வயலுக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் வாய்க்கால் தண்ணீர் போகவேண்டும் என்று பார்ப்பவர் விதானை. வந்த மாப்பிள்ளைக்கு ஊரில் அம்மாவின் உறவைத் தவிர வேறு சொந்தமில்லை, ஆகவே பக்கம் சாயமாட்டார் என்பதுதான் அவரைத் தெரிவுசெய்தவர்கள் கண்ட நியாயம். பதினாறு வருடம் அந்த வேலையைச் செய்தார்.

அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு வருடத்தைச் சொல்லவேண்டும். கோடைச் சிறுபோகத்தில் குளம் பாதிகூட நிறையவில்லை. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல்களுக்கு முதலில் தண்ணீர் விடுவது, குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்கள் பிறகு எடுத்துக்கொள்வது என்று கூட்டத்தில் எல்லோரும் கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். கையுயர்த்தியவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். அம்மாவின் ஒரே தம்பி. அவரது வயலும் எங்கள் வயலும் குளத்துக்குக் கிட்டத்தான். பத்தாம் நாள் மாமா தன் வரம்பில் வக்கடையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். யாரோ வந்து சொன்னார்கள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

அப்பா வரம்பில் நின்று மண்ணை வெட்டி அந்த வக்கடையை அடைத்தார். மாமா வாய்க்கால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், கதிர் வாற நேரம். ஒரு நாள் தண்ணி. ஒரே ஒரு நாள்."

"எனக்கும் கதிர் வாற நேரந்தான்."

"உங்கிட வயல் காஞ்சா என்ட வயலும் காயணுமா?"

"கூட்டத்தில கை தூக்கினாய்தானே?"

"எங்கயோ இருந்து வந்து எங்கிட ஊர்த் தண்ணிய எங்களுக்குப் பங்கு போடுறீங்க" என்றார் மாமா.

அப்பா மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்தப் போகம் மாமாவின் வயலில் பாதி மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. எங்கள் வயலிலும் அப்படித்தான். கடைசி வயல்காரர்கள் வீட்டில் நெல் இருந்தது. மாமா எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். இடையில் அம்மா காலமானபோது வந்து வெளியில் நின்றார், சடங்கு முடிந்ததும் போய்விட்டார். அப்பாவோடு ஒரு சொல் பேசவில்லை. அப்பா செய்தது சரி என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அதே நேரம், அம்மா கடைசிக் காலத்தில் தம்பி இல்லாமல் இருந்ததும் அதனால்தான். இரண்டும் உண்மை.

அம்மா போன மூன்றாம் வருடம் அப்பாவின் கால் வீங்கத் தொடங்கியது. வயல்காரரின் கால்தானே என்று நாங்களும் கவனிக்கவில்லை. சாப்பாடு வெறுத்து, மூச்சு முட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். கிழமைக்கு இரண்டு தடவை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும், தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவேண்டும் என்றார்கள்.

அதிலிருந்து எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வேறு நாட்களாகிவிட்டன. விடியும் முன் எழும்பி, அப்பாவைக் குளிப்பாட்டி, ஓட்டோவில் ஏற்றித் துறைக்குப் போகவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். முதற் பாதையைத் தவறவிட்டால் ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் தவறிவிடும். அக்கரையிலிருந்து மறுபடியும் ஓட்டோ. நான்கு மணி நேரம் இயந்திரம். பிறகு தலைசுற்றல் நிற்கும்வரை இருந்து, வந்த வழியே திரும்பவேண்டும். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் லீவு, மற்ற நாட்களில் விடுபட்ட வேலை. என் மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதிய வருடம் அவள் என்ன பாடம் படித்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் பயணம் பெரிய கஷ்டமில்லை. தண்ணீர்தான் கஷ்டம். தேநீர், கஞ்சி, மருந்து விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சோடாப் போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவருக்கு நான் தண்ணீர் அளந்துகொடுத்தேன். சித்திரை வெயிலில் அவர் நாக்கைச் சுழற்றி உதட்டை நனைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவர் கேட்கமாட்டார். போத்தலைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டைக்காரர்கள் நான்கைந்து பேர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கென்று மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தேநீர் எடுத்து வரும்போது அப்பா அந்தச் செம்பை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வழிந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் நெஞ்சில் தண்ணீர் கட்டி மூச்செடுக்க முடியாமல் தவித்தவர். நான் ஓடிப்போய்ச் செம்பைப் பறித்தேன்.

"பச்சப் புள்ளயா நீங்க? ஆருக்காக நான் இப்படி ஓடித் திரியிறன்?" என்று கத்தினேன்.

வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பா உடுத்திருந்த சாரனால் வாயைத் துடைத்தார். "பிழதான் புள்ள. இனிக் குடிக்கமாட்டன்" என்றார். ஒருவர் மெதுவாக, "விதானையார், நாங்க மறுகா வாறம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் போனார்கள். இந்த மலரை அவர்களும் படிப்பார்கள். அன்று நான் செய்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பாவிடம் அன்று கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன்.

நான்காம் வருடம் கையில் ஊசி ஏற்றும் நரம்பு பழுதாகிவிட்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். இதயமும் பலவீனம் என்றார்கள். இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பும். வீடு வந்து படுத்தால் அடுத்த நாள் மாலைவரை எழும்பமாட்டார். மறுநாள் கொஞ்சம் தெளிவார். அதற்குள் அடுத்த தடவை வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பாதையில் அப்பாவை ஓட்டோவுக்குள் இருத்திவிட்டு நான் வெளியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடு வாவியில் அப்பா கூப்பிட்டார்.

"புள்ள, செவ்வாக்கிழமை வரமாட்டன்."

"ஏன், என்ன செய்யிது?"

"ஒண்டும் செய்யல்ல. போதும். இனி வரமாட்டன்."

"வராட்டி என்ன நடக்கும் எண்டு தெரியுமா அப்பா?"

"தெரியும். போன கிழமை தாதிப் புள்ளையிட்டக் கேட்டன். பத்துப் பன்ரண்டு நாள் எண்டா."

ஓட்டோக்காரத் தம்பி முன்னால் இருந்து அழத் தொடங்கினார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை எழும்பத் தேவையில்லை என்று நினைத்தேன். அடுத்த நொடியே அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டேன். கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கனடாவில் இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அக்கா, நீங்க களைச்சிட்டீங்க. அதப் பாத்துத்தான் அப்பா அப்படிச் சொல்றார். ஆள் வச்சுப் பாப்பம். நிப்பாட்டாதீங்க."

"நான் நிப்பாட்டல்ல தம்பி. அவர்தான் வரமாட்டன் எண்டுறார்."

"நீங்க வாங்க எண்டு சொன்னா அவர் வருவார்."

அது உண்மை. நான் வாங்க என்று சொன்னால் அப்பா வந்திருப்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு தம்பியோடு என்னால் பேச முடியவில்லை. தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. என்னால ஏலாம இரிக்கு எண்டா இப்படிச் சொல்றீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "உன்னையும் பாக்கிறன்தான். பொய் சொல்லி என்ன? ஆனா அதுக்காக மட்டும் இல்ல. நான் களைச்சிட்டன் புள்ள. ஒவ்வொரு முறையும் செத்துச் செத்து எழும்புறன். உனக்குத் தெரியாது, அது எப்படி எண்டு."

திங்கட்கிழமை அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அந்த வைத்தியரம்மா என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவோடு அரை மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "உங்கட அப்பா எல்லாம் விளங்கித்தான் சொல்றார். இத முடிவெடுக்கிற உரிமை அவருக்கு இரிக்கு. மனசு மாறினா எந்த நேரமும் வாங்க, மெசின் இரிக்கும்" என்றார். மூச்சு முட்டினால் கொடுக்க மருந்தும் எழுதித் தந்தார். நான் எழுந்து கதவருகே வந்தபோது, "இனித் தண்ணிய அளக்கவேணாம். கேக்கிறத குடுங்க" என்றார்.

அன்று வீட்டில் அப்பாவுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அவர் பாதிதான் குடித்தார். மீதியைக் கீழே வைத்தார். "இவ்வளவுதான் ஏலுது" என்றார்.

அடுத்த நாட்களில் வீடு ஆட்களால் நிறைந்தது. நான்காம் நாள் காலை மாமா வந்தார். நேரே அப்பாவின் கட்டிலடிக்குப் போய்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அத்தான், இந்த முறை குளம் நிறைஞ்சிரிக்கு" என்றார் மாமா.

"அப்ப நீ வக்கடை வெட்டத் தேவையில்ல" என்றார் அப்பா.

மாமா சிரிக்கத்தான் முயன்றார். முடியவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "அக்காட கடைசிக்கும் நான் வந்து இரிக்கல்ல அத்தான்." அப்பா அவர் தலையில் கையை வைத்தார். அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்குச் சவரம் செய்தவர், உடம்பு துடைத்தவர் அவர்தான்.

ஒன்பதாம் நாள் தம்பி வந்து சேர்ந்தார். என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்பாவிடம் ஒரு தடவை கேட்டார். "அப்பா, நாளைக்கு ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போவமா?" அப்பா மாட்டேன் என்று தலையாட்டினார். தம்பி அதற்குப் பிறகு கேட்கவில்லை. கட்டிலருகே பாயைப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணியளவில் அப்பா காலமானார். அந்த நேரம் நான் அவர் பக்கத்தில் இல்லை. விடியற்காலை மருந்து கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் சுவரோடு சாய்ந்தவள் அப்படியே உறங்கிப்போனேன். பத்தடி தூரம்தான். தம்பியும் மாமாவும் என் கணவரும் அப்பாவோடு இருந்திருக்கிறார்கள். ஒருவரும் என்னை எழுப்பவில்லை. மகள் வந்து தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றரை வருடம் கூடவே இருந்தவளைக் கடைசிக் கால்மணி நேரம் எழுப்பாமல் விட்டுவிட்டார்களே என்று நான் தம்பியிடம் கோபித்துக்கொண்டேன். வேண்டுமென்றே செய்ததாகவும் நினைத்தேன். அவர் திரும்பிப் போகும்போது வழியனுப்பக்கூடப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் மலர் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நன்றி சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரியின் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவின் வைத்தியருக்கும் தாதியருக்கும் எங்கள் நன்றி. அப்பா நினைவு தப்பும் ஒவ்வொரு முறையும் அவர் காதில், "ஐயா, இஞ்ச பாருங்க" என்று கூப்பிட்டு மீட்டவர்கள் அவர்கள். மழையிலும் காற்றிலும் எங்களுக்காக இரண்டு நிமிடம் பொறுத்துப் பாதையை எடுத்த துறைக்காரர்களுக்கும், அப்பாவைத் தன் தந்தைபோலத் தூக்கி ஏற்றிய ஓட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. என் பாரத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் சுமந்த அலுவலக நண்பர்களை மறக்கமாட்டேன். பெரியகல்லாற்றிலிருந்து வந்து சமையலைப் பொறுப்பெடுத்த அப்பாவின் உறவுகளுக்கும், பந்தலிட்டு, பாடை கட்டி, அமுது வரை நின்ற வட்டைக்காரர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். என் கணவருக்கும் மகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாகத் தம்பிக்கு. இந்த மலருக்குப் படம் கேட்டுப் போன கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். படத்தைப் பற்றிப் பேசி முடித்தபிறகும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லணும். அண்டைக்கு நான் உங்கள எழுப்பத்தான் எழும்பினன். கதவுவரைக்கும் வந்திட்டன். அப்பா என்ட கையப் புடிச்சு இழுத்தார். 'எழுப்பாத மனே. அவள் படுக்கட்டும்' எண்டார். அதுதான் அவர் கடைசியாக் கதைச்சது."

"ஏன்டா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க இன்னும் அழுவீங்க எண்டு நினைச்சன். நீங்க களைச்சிட்டீங்க எண்டு நான் குற்றமாச் சொன்னத்த, அப்பா எப்படிச் சொன்னார் பாருங்க அக்கா."

நான் அழுதேன்தான். அவரும் அங்கிருந்து அழுதார். திவசத்துக்கு அவர் வந்திருக்கிறார். உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவதும் அவர்தான். பசியாறிப் போங்கள்.

அப்பாவின் குடும்பத்தினர் சார்பில்,
மகள்